நாற்பத்தெட்டு நிமிஷம் தாமதமான நிலா

வில்லியனூரிலிருந்து 'வெப்பமானி' என்று ஒரு மாதப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. பதினாறு பக்கம். முதல் நாலு பக்கம் விஞ்ஞானம், மீதிப் பன்னிரண்டு பக்கம் கொலை. இரண்டையும் எழுதியது ஒரே ஆள். அது ஊருக்குத் தெரியாது.

அந்த ஆள் பெயர் கலீலுல்லா. 1936-இல் அவருக்கு முப்பத்து நாலு வயது. கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த காலஞ்சென்ற கமருதீனின் ஒரே மகன். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து, கடைசிப் பரீட்சையில் கணக்கில் மட்டும் தோற்றவர். கணக்கில் தோற்றவன் மளிகைக் கடைக்கு ஆகமாட்டான் என்று தகப்பனாரே சொல்லிவிட்டார். பத்திரிகைக்குக் கணக்கு வேண்டாம் என்று நினைத்து இந்தப் பக்கம் வந்தார் கலீலுல்லா. அப்படி நினைத்தது தப்பு. அது பிற்பாடுதான் தெரிந்தது.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. இடி இடித்தால் இந்த ஜனங்கள் 'அர்ச்சுனா அர்ச்சுனா' என்று முணுமுணுக்கிறார்களே, அதை விட்டுவிட்டு மின்னலுக்கும் இடிக்கும் நடுவே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்க்க மாட்டார்களா என்பதுதான் அது. அதற்காக ஆறு வருஷமாக எழுதினார். கொசுவும் காய்ச்சலும் பற்றி எழுதினார். நண்டின் நடையைப் பற்றி எழுதினார். ஒளி ஒரு விநாடியில் எவ்வளவு தூரம் ஓடும் என்று எழுதினார். ஒருத்தரும் படிக்கவில்லை.

படிக்கவில்லை என்பது அனுமானம் அல்ல. தேரடியில் வறுகடலை விற்பவர் பொட்டலம் கட்டுவது முழுக்க 'வெப்பமானி'யில்தான். ஆனால் கொலைப் பக்கம் ஒன்றுகூட அவர் கைக்கு வந்ததில்லை. அவற்றை வாங்கியவர்கள் வீட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு, முதல் நாலு பக்கத்தை மட்டும் கிழித்து எடைக்குப் போட்டார்கள். ஒருநாள் கலீலுல்லாவே ஒளியின் வேகத்தில் சுற்றிய கடலையை வாங்கித் தின்றார். உப்பு தூக்கலாக இருந்தது.

கொலைக் கதைகளைக் 'கருநிழல்' என்ற பெயரில் எழுதினார். பத்திரிகை மூச்சு முட்டிக் கிடந்த ஒரு வருஷம், அச்சாபீஸ் முதலாளி ஆதிமூலத்தின் தொந்தரவு பொறுக்காமல் ஆரம்பித்தது அது. துப்பறிகிறவர் பெயர் பிரிகாதியே இன்னாசிமுத்து. பிரெஞ்சுப் போலீசில் தலைமைக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், யோசனை வந்தால் சுட்ட கருவாடு கடிப்பார். ஜனங்களுக்கு அவரைப் பிடித்துப்போனது. அது கலீலுல்லாவுக்குப் பிடிக்கவில்லை. ஆகவே ஆசிரியர் என்ற முறையில் தலையங்கத்தில் கருநிழலைத் திட்டினார்: 'கொலைக் கதை படிப்பது வெற்றிலை போடுவது போல, வாய் சிவக்கும், வயிறு நிறையாது.' அடுத்த மாதம் கருநிழல் பதில் எழுதினார்: 'ஆசிரியரின் கட்டுரையைப் படித்துத் தூங்கிப்போன என் வாசகர் ஒருவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. குடும்பத்தார் கவலையாக இருக்கிறார்கள்.'

கடிதங்கள் வந்தன. எல்லாரும் கருநிழல் பக்கம். கலீலுல்லா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"சண்டையும் நீங்களே போட்டுக்கினு, மூஞ்சியும் நீங்களே தூக்கி வச்சிக்கினா நான் யாருக்குன்னு சமாதானம் சொல்றது?" என்றாள் அவர் மனைவி நூருன்னிசா. இரட்டை வேஷம் தெரிந்த இரண்டு பேரில் அவள் ஒருத்தி. இன்னொருவர் ஆதிமூலம்.

அந்த ஆதிமூலம் ஜனவரி மாதம் ஒரு காலையில் கல்யாணப் பத்திரிகை ஒன்றின் மஞ்சள் மையைக் கையிலிருந்து துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பாய், இந்த விஞ்ஞானத்த நிறுத்திப்புடலாம்."

"இன்னா மொதலாளி சொல்றீங்க?"

"பதினாறு பக்கமும் கொல. ஜனம் கேக்குது."

"விஞ்ஞானத்துக்குன்னுதான் பத்திரிகையே ஆரம்பிச்சோம். பேரே வெப்பமானி."

"பேர்ல இன்னா கீது? 'ரத்தமானி'ன்னு மாத்திக்கலாம். பிளாக்கு வெட்ட ஒரு நாள் ஆவும்."

கலீலுல்லா வாதாடினார். கெஞ்சினார். ஆதிமூலம் கெட்டவர் அல்ல; பிடிவாதக்காரர், அவ்வளவுதான். கடைசியில் ஒரு வழி விட்டார்.

"ஒரு ஊரு பாய். ஒரே ஒரு ஊரு. அந்த ஊரு உன் விஞ்ஞானப் பக்கத்தப் படிச்சிதுன்னு எனக்குக் காட்டு. அப்புறம் நான் கட்டையில போற வரைக்கும் நாலு பக்கம் உன்னுது. ஏப்ரலுக்குள்ள காட்டணும். இல்லன்னா மேயிலேர்ந்து முழுக்கக் கொல."

கலீலுல்லா வீட்டுக்கு வந்து மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் அவருக்கு வந்த யோசனை எளிமையானது. மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுப்பதுதான். கொலையைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் விஞ்ஞானப் பக்கத்தைப் படித்தே ஆகவேண்டும் என்று ஒரு கதை.

மார்ச்சு இதழில் 'பனித்திட்டில் ஒரு பிணம்' வந்தது. பனித்திட்டுக் கடற்கரையில் ஒரு சாராயக் குத்தகைக்காரர் துடுப்பால் அடித்துக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். கொலை நடந்தது மார்ச்சு பத்தாம் தேதி, இரவு ஏழே முக்காலுக்கு. இதழ் வெளிவந்தது மார்ச்சு ஒன்றாம் தேதி. ஒன்பது நாள் கழித்து நடக்கப்போகிற கொலை. வலைக்காரன் ஆரோக்கியம் சாட்சி சொல்கிறான்: "செல்லக்கண்ணு துடுப்போடு ஓடினதை நிலா வெளிச்சத்தில் பார்த்தேன்." செல்லக்கண்ணு சொல்கிறான்: "பௌர்ணமி போய் ரெண்டு நாள் ஆச்சு. அந்நேரத்துக்கு ஏது நிலா? இருட்டில் என் முகம் எப்படித் தெரிந்தது?" இரண்டு பேரில் ஒருவன் பொய்யன். பொய் சொன்னவன் எவனோ அவனே கொலைகாரன். இன்னாசிமுத்து கருவாட்டைக் கடித்துக்கொண்டு வாசகரைப் பார்த்துத் திரும்புகிறார்: "அன்றைக்கு நிலா எத்தனை மணிக்கு எழுந்தது என்று தெரிந்தவனுக்குக் கொலைகாரனும் தெரிவான். மூன்றாம் பக்கத்தைப் புரட்டுங்கள்."

மூன்றாம் பக்கத்தில் 'மார்ச்சு மாத நிலா உதய அட்டவணை' இருந்தது. பத்தாம் தேதிக்கு நேரே 7.28. ஏழே முக்காலுக்கு நிலா இருந்தது. ஆக, ஆரோக்கியம் சொன்னது உண்மை, கொலைகாரன் செல்லக்கண்ணு.

அட்டவணை எங்கிருந்து வந்தது என்றால், தகப்பனார் கமருதீனின் நோட்டுகளிலிருந்து. கமருதீன் சந்தைக்கு வண்டியில் போய்த் திரும்புகிறவர். எந்த ராத்திரி எத்தனை மணிக்கு நிலா வரும் என்று தெரிந்தால் லாந்தர் எண்ணெய் மிச்சம் என்று, பிறை ஒவ்வொன்றுக்கும் நேரம் பார்த்துப் பதினோரு வருஷம் எழுதி வைத்திருந்தார். பிப்ரவரி இருபத்து மூன்றாம் தேதி பள்ளிவாசலில் பிறை பார்த்தார்கள். அதை வைத்துக் கலீலுல்லா பிறைக் கணக்கை இங்கிலீஷ் தேதிக்கு மாற்றினார். கணக்கு சுலபமாக இருந்தது. சுலபமாக இருக்கிறதே என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மார்ச்சு முதல் வாரத்தில் தேரடிக் கடலைக்காரர் அச்சாபீசுக்கே வந்துவிட்டார்.

"இன்னா மொதலாளி, இந்த மாசம் பேப்பரே வரலியே. பொட்டலத்துக்கு நான் எங்க போவேன்?"

கலீலுல்லா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய் மைக் குடுவையைக் கழுவினார். ஆதிமூலம் அன்றைக்கு மூன்று தடவை மூக்குப்பொடி போட்டார்.

அடுத்து வந்தது பாகூரிலிருந்து ஒரு கடிதம். எழுதியவர் பலராமன். பாகூர் ஏரியின் மதகைத் திறந்து மூடுகிறவர். எந்த வயலுக்கு எத்தனை நிமிஷம் தண்ணீர் என்பதைக் கடிகாரம் வைத்து முறை விடுவதுதான் அவர் வேலை. 'வெப்பமானி' வந்தால் அவர்தான் மதகடியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். அவர் எழுதியிருந்தார்:

'ஆசிரியர் அவர்களுக்கு. இந்தக் கொலையின் நிமித்தம் எங்கள் ஊர் இரண்டு கட்சியாகிவிட்டது. அட்டவணையை நம்புவோர் ஒரு கட்சி. செல்லக்கண்ணுவை நம்புவோர் ஒரு கட்சி. வாய்ச்சண்டை முற்றி ஒருவருக்கு மண்வெட்டிக் காம்பால் காயம். ஆகையால் பத்தாம் தேதி சாயங்காலம் ஏரிக்கரையில் கூடி நிலாவையே கேட்டுவிடுவது என்று முடிவு. தாங்கள் வந்து முன்னிலை வகிக்கவேணும். முடிந்தால் கருநிழலையும் கையோடு அழைத்து வரவும்.'

கலீலுல்லா கடிதத்தை ஆதிமூலத்தின் முன்னால் வைத்தார்.

"ஒரு ஊரு," என்றார்.

"வரட்டும், நெலா வரட்டும்," என்றார் ஆதிமூலம். "நானும் வரேன். என் வண்டியிலயே போவோம்."

பத்தாம் தேதி மத்தியானமே கிளம்பினார்கள். வில்லியனூரிலிருந்து பாகூருக்குப் போவதற்குள் பிரெஞ்சுக்காரன் மண் தீர்ந்து இங்கிலீஷ்காரன் மண் வரும், மறுபடி பிரெஞ்சுக்காரன் மண் வரும். நடுவில் சுங்கக்காரர்கள் வண்டியைக் குடைந்தார்கள். ஒரு சுங்கக்காரர் 'வெப்பமானி'க் கட்டைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "செல்லக்கண்ணுதான?" என்று கேட்டார். கலீலுல்லா புன்னகைத்தார். ஜரிகை வைத்த அங்கவஸ்திரத்தை நூருன்னிசா இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள். வாழ்க்கையில் இப்படி ஒரு சவாரி அவர் போனதில்லை.

ஏரிக்கரையில் இருநூறு பேருக்குக் குறையாது. கிழக்கே வயல், வயலுக்கு அப்பால் பனைவரிசை, அதற்கும் அப்பால் கடல் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. நாற்காலி ஒன்றே ஒன்று போட்டிருந்தார்கள். அதில் அவரை உட்காரவைத்து, ஒரு செம்பருத்தி மாலையும் போட்டார்கள். கருநிழல் வராததில் எல்லாருக்கும் வருத்தம்.

"அவருக்கு ஒடம்பு சரியில்ல," என்றார் கலீலுல்லா.

"பின்ன, நீங்க எழுதறத படிச்சா ஆவாது?" என்றது ஒரு பெண்குரல்.

குரலுக்கு உரியவள் காசம்மாள். நடவோ களையோ, முப்பது பெண்களைத் திரட்டிக்கொண்டு போகிறவள். செல்லக்கண்ணு கட்சிக்கு அவள்தான் தலைவி. எழுத்துத் தெரியாது. மதகடியில் கேட்டுக் கேட்டு இன்னாசிமுத்துவின் பன்னிரண்டு கொலைகளையும் வரிசையாகச் சொல்வாள்.

"பாயி, நெலா உங்க பேச்ச கேக்குமா?"

"என் பேச்ச இல்லம்மா, கணக்கோட பேச்ச கேக்கும்."

"பாப்போம், பாப்போம்."

பலராமன் தன் கடிகாரத்தை லாந்தருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டம் மெல்ல அடங்கியது.

"ஏழு இருவத்தெட்டு!"

இருநூறு தலையும் கிழக்கே திரும்பின. கலீலுல்லா எழுந்து நின்றார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். கிழக்கில் ஒன்றும் நடக்கவில்லை.

"பனமரம் மறைக்குது. ரெண்டு நிமிசம்," என்றார்.

ரெண்டு நிமிஷம் போனது. ஐந்து போனது.

"வருது! வருது!" என்று ஒருவன் கத்தினான்.

"அது எவனோ ஒதுங்கப் போறவன் லாந்தர்டா!"

சிரிப்பு கரை முழுக்க உருண்டது. ஏழே முக்கால் ஆனது, கொலை நேரம். பலராமன் காரியத்தில் கண்ணாக இருந்தார். ஒரு ஆளை இருபது அடி தள்ளி, துடுப்புக்குப் பதில் மண்வெட்டியோடு ஓடச் சொன்னார். லாந்தரை அணைத்தார்கள். யாரோ ஓடும் சத்தம் கேட்டது.

"காசம்மா, ஓடறது யாரு?"

"ஆளு தெரியல. நாத்தத்த வச்சி சொல்லட்டுமா?"

இந்தத் தடவை எதிர்க்கட்சிக்காரர்களும் சிரித்தார்கள். கலீலுல்லாவுக்குக் காது சுட்டது. ஆதிமூலம் எழுந்து, நாடக நோட்டீசு படிக்கிற குரலில் அறிவித்தார்: "எல்லாரும் கேட்டுக்குங்க! கெழக்க மேகம்! நெலா வந்துருச்சி, மேகம் மறைக்குது!"

"மேகமா?" என்றாள் காசம்மாள். "நச்சத்திரம் அத்தினியும் பல்லக் காட்டிக்கினு நிக்குது. நெலாவுக்கு மட்டும் தனியா ஒரு மேகம் செஞ்சி எடுத்தாந்தீங்களா வில்லியனூர்லேர்ந்து?"

நிலா வந்தது. கழுவாத பித்தளைத் தட்டு மாதிரி, சாவகாசமாக, பனைகளுக்கு நடுவே தலை நீட்டியது. பலராமன் லாந்தரை ஏற்றிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எட்டு பதினாறு. நாப்பத்தெட்டு நிமிசம் லேட்டு." அவர் கோபப்படவில்லை. தண்ணீர் முறைக்காரர்கள் நிமிஷத்தில் கோபப்படமாட்டார்கள், குறித்துக்கொள்வார்கள். "ஐயா, எங்க ஊருல பத்து நிமிசத்துக்கே மண்ட ஒடையும். நாப்பத்தெட்டுன்னா ஒரு காணி பயிரு."

காசம்மாள் கிட்டே வந்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

"அப்ப பொய்யி சொன்னவன் ஆரோக்கியம். பாவம் பாயி அந்த செல்லக்கண்ணு. அவன ஜெயில்ல போட்டுப்புடாதீங்க. அந்தக் கருநிழலுகிட்ட சொல்லுங்க."

கலீலுல்லா சொல்வதாகத் தலையாட்டினார். மாலை கழுத்தில் உறுத்தியது.

திரும்பும்போது வண்டியில் ஆதிமூலம் சொன்னார்: "மேகம்னு எழுதிடு."

"மேகம் இல்லியே மொதலாளி."

"ஏப்ரல் எதழ்ல எழுது. பாகூர்ல அன்னிக்கு மேகம், அட்டவண சரி, கொலகாரன் செல்லக்கண்ணு. முடிஞ்சிது. ஊரு படிச்சிது, நான் கண்ணால பாத்தேன். நாலு பக்கம் உன்னுது. ஆனா தப்புன்னு ஒத்துக்கின, அவ்ளோதான். தப்புத் தப்பா விஞ்ஞானம் போடறதுக்கு எனக்குக் காயிதம் இல்ல. பதினாறும் கொல."

ஐந்தாம் நாள் பாகூரிலிருந்து இன்னொரு தபால் வந்தது. கலீலுல்லா அதை நூருன்னிசாவிடம் காட்டினார். பலராமன் மூன்று வரி எழுதியிருந்தார்: பத்தாம் தேதி 8.16, பதினொன்று 9.05, பன்னிரண்டு 9.53. கீழே: 'தங்கள் அட்டவணையில் பதினொன்றாம் தேதிக்குப் போட்ட நேரத்தில்தான் பத்தாம் தேதி நிலா எழுகிறது. பன்னிரண்டுக்குப் போட்டது பதினொன்றில். எண்கள் எல்லாம் சரி. ஒரு நாள் நகர்ந்திருக்கிறது. கடிகாரம் நகராட்சி மேரி ஆபீசுக் கடிகாரத்தோடு காலையில் சரிபார்த்தது.'

நூருன்னிசா கடிதத்தை வாங்கவில்லை. அவள் கையில் மீன் இருந்தது. தலையை மட்டும் நீட்டிப் படித்தாள்.

"மாமா நோட்டுல 'பிறை பதினாறு ராத்திரி'ன்னு இருந்தத எந்தத் தேதிக்குப் போட்டீங்க?"

"பிறை பதினாறு மார்ச்சு பத்து. பத்தாம் தேதி ராத்திரிக்குப் போட்டேன்."

"நம்ம வூட்டுல ராத்திரி மொதல்ல வருமா, பகல் மொதல்ல வருமா?"

கலீலுல்லா போய்த் தகப்பனாரின் நோட்டை எடுத்துவந்து மறுபடி பிரித்தார்.

சூரியன் மறைந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் அந்த வீட்டில் மறுநாள் தொடங்கிவிடும். பிறை பதினாறின் ராத்திரி என்றால் அது பதினாறாம் பகலுக்கு முந்திய ராத்திரி. அதாவது மார்ச்சு ஒன்பதாம் தேதி சாயங்காலம். கமருதீன் அப்படித்தான் எழுதுவார், வேறெப்படி எழுதுவார்? நோன்புக்கும் பெருநாளுக்கும் இருபத்தைந்து வருஷமாக அதே கணக்கில் நடக்கிற மனுஷர்தான் கலீலுல்லாவும். மேஜைக்கு முன்னால் இங்கிலீஷ் காலண்டரோடு உட்கார்ந்ததும் நடுநிசியில் நாளைத் தொடங்கிவிட்டார்.

"நெலா லேட்டா வரல," என்றாள் நூருன்னிசா, செதில் சுரண்டிக்கொண்டே. "நீங்கதான் முந்தின நாளு நெலாவ மறுநாளு கூப்ட்டிருக்கீங்க."

இனி யோசிக்க ஒன்றும் இல்லை, அல்லது எல்லாம் இருந்தது. ஒத்துக்கொண்டால் நாலு பக்கம் போகும். மறைத்தால் நாலு பக்கம் இருக்கும், அதில் ஒரு மேகமும் இருக்கும். ஆறு வருஷ உழைப்புக்கு ஒரு மேகம் பெரிய விலை அல்ல என்று அவர் தனக்குத் தானே இரண்டு நாள் சொல்லிப் பார்த்தார். ஆனால் பலராமனின் கடைசி வரி இடித்துக்கொண்டே இருந்தது. மதகு திறக்கிற ஆள் கடிகாரத்தைச் சரிபார்த்திருக்கிறார். விஞ்ஞானப் பத்திரிகை ஆசிரியர், அட்டவணை அச்சுக்குப் போகுமுன் ஒரு ராத்திரி மொட்டைமாடிக்கு ஏறி நிலாவைப் பார்க்கவில்லை. படி பதினெட்டுதான்.

மூன்றாம் நாள் உட்கார்ந்து எழுதினார். முதலில் ஆசிரியராக, நாலாம் பக்கத்துக்கு: தப்பு எப்படி நேர்ந்தது, மஃரிப் எது நடுநிசி எது, சரியான அட்டவணை இது, கண்டுபிடித்தவர்கள் பாகூரார். அது கஷ்டமாக இருந்தது. பிறகு கருநிழலாகக் கடைசி அத்தியாயம். அது சுகமாக இருந்தது. இன்னாசிமுத்து அட்டவணையை நம்பாமல் தாமே பனித்திட்டு மணலில் போய் உட்காருகிறார், நிலா வரக் காணோம், மூன்று கருவாடு தீர்கிறது. "இந்தப் பத்திரிகைக்காரனை நம்பினால் குற்றமில்லாதவன் கம்பி எண்ணுவான், இவனுக்கு நிலா எந்தப் பக்கம் உதிக்கும் என்றாவது தெரியுமா?" என்று சொல்லி, ஆரோக்கியத்தின் கையில் விலங்கை மாட்டுகிறார். தன்னைத்தானே இவ்வளவு நன்றாக அவர் அதற்கு முன் திட்டியதில்லை.

ஆதிமூலம் கதைப் புரூப்பை வாங்கி நின்றபடியே படித்தார்.

"ஆரோக்கியமா! சாட்சியே கொலகாரனா! பாய், தலய சுத்துதே." கொஞ்சம் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஆசிரியரப் போட்டு இந்த வாரு வாருறியே?"

"ரொம்ப நாளா அவன் மேல ஒரு கடுப்பு மொதலாளி."

"கதையிலதான? இருக்கட்டும். கதையில ஆயிரம் இருக்கும்."

"விஞ்ஞானப் பக்கமும் புரூப் கீது. பாத்துடுங்க."

"அத எவன் படிப்பான்? போடு போடு."

போட்டார்கள். ஏப்ரல் இதழ் வெளிவந்த நாலாம் நாள் ஆதிமூலம் கலீலுல்லாவின் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினார்: "ஒத்துக்கினியாமே! ஊரே சொல்லுது!"

"நாலாம் பக்கத்துல கீது. படிங்க."

ஆதிமூலம் தன் ஆயுளில் முதல்முறையாக ஒரு விஞ்ஞானப் பக்கத்தைப் படித்தார். உதடு அசைய, விரலை வரி வரியாக ஓட்டிக்கொண்டு படித்தார். நடுவில் ஒரு இடத்தில், "அட, உங்க வூட்டுல ராத்திரிதான் மொதல்லயா?" என்றார். படித்து முடித்ததும் கோபம் ஞாபகம் வந்தது.

"நல்லாத்தான் எழுதிருக்க. ஆனா பேச்சு பேச்சுதான். மேயிலேர்ந்து பதினாறும் கொல."

"சரி மொதலாளி."

"சரியா? சண்ட போட மாட்டியா?"

"தப்பு என்னுது. இன்னான்னு சண்ட போடறது?"

இது ஆதிமூலத்துக்குப் பிடிக்கவில்லை. சண்டை இல்லாமல் ஜெயித்தவர் முகத்தோடு தெருவில் இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் தபால்காரர் அச்சாபீசில் ஒரு கோணிப்பையைக் கொண்டுவந்து கொட்டினார். கருநிழலுக்குப் பாராட்டு என்று ஆதிமூலம் ஆசையோடு உட்கார்ந்தார். கலீலுல்லா பிரிக்க, அவர் கேட்டார்.

செல்லிப்பட்டிலிருந்து ஒருவர்: 'பழைய இதழைத் தேடிப் படித்தேன். மின்னலுக்கு அப்புறம் எண்ணினால் ஒரு எண்ணுக்கு ஒரு மைல் என்று எழுதியிருக்கிறீர்கள். சுத்தத் தப்பு. போன வருஷம் நான் இருபது எண்ணினேன், இடி விழுந்தது நாலு மைலில் என் மாமனார் வீட்டுத் தென்னையில். எனக்கு அதில் சந்தோஷம்தான், இருந்தாலும் கணக்கு கணக்குதான்.' பனித்திட்டிலிருந்து: 'நண்டு பக்கவாட்டில் மட்டுமே நடக்கும் என்று சொன்ன ஆசிரியர் ஒருதரம் எங்கள் கரைக்கு வரவும். நேராக நடக்கிற நண்டையும் காட்டுகிறோம்.' காட்டேரிக்குப்பத்திலிருந்து ஒரு கூட்டமே கையெழுத்துப் போட்டு, கொசுக் கட்டுரையில் ஏழு இடத்தில் ஆட்சேபம். பாகூரிலிருந்து மட்டும் பதினெட்டு.

கதையைப் பற்றி மூன்றே கடிதம். அதில் ஒன்று காசம்மாள் சொல்லப் பலராமன் எழுதியது: 'செல்லக்கண்ணு வீட்டுக்கு வந்ததும் அவன் பெண்டாட்டி என்ன சொன்னாள் என்று எழுதாமல் விட்டது பெரிய குறை.'

ஆதிமூலம் குவியலைப் பார்த்தார். மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார், போடாமல் மூடினார்.

"இத்தினி பேரும் முத நாலு பக்கத்தப் படிச்சிருக்கானுங்க."

"படிச்சிருக்காங்க."

"பழசையும் தேடிப் படிச்சிருக்கானுங்க."

"ஆமா. என்னத் திட்டறதுக்கு."

"எதுக்கோ. படிச்சானுங்களா இல்லியா?" அவர் விரல் விட்டு எண்ணினார். "நான் ஒரு ஊருதான கேட்டேன். இது பதினாலு ஊரு வருது பாய்." எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டார். தோற்றதில் அவருக்கு ஒரு குஷி வந்துவிட்டிருந்தது. "நாலு பக்கம் உன்னுது. அஞ்சா வச்சிக்க. அந்த அஞ்சாவதுல இவனுங்க கண்டுபுடிச்ச தப்பெல்லாம் போடு, பேரோட."

கலீலுல்லா அடுத்த கடிதத்தைப் பிரித்தார். அதில் இருந்ததும் வசவு.

வாசல் வரை போன ஆதிமூலம் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பாய், ஒரு யோசன. மாசத்துக்கு ஒரே ஒரு தப்பு. வேணும்னே. நைசா உள்ள சொருகி வச்சிட்டம்னா, ஜனம் வரி விடாம படிக்கும்."

கலீலுல்லா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மொதலாளி, அது விஞ்ஞானத்துக்குத் துரோகம். என் உசுரே போனாலும் தெரிஞ்சே ஒரு தப்பு போட மாட்டேன்."

சொன்ன சொல் தவறாத மனிதர் அவர். மே இதழுக்கு ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை பார்த்தார். இரண்டு ராத்திரி மொட்டைமாடிக்கும் ஏறினார். ஜூன் மாதம் தபாலில் தெரிந்தது, மே இதழில் நாலு தப்பு. ஒன்றுகூட வேண்டுமென்று போட்டதல்ல.